வெளி லைனுக்கு 9

அமெரிக்காவில் அலுவலகமோ ஓட்டலோ, மேசைத் தொலைபேசியிலிருந்து வெளியே பேச வேண்டுமென்றால் முதலில் 9-ஐப் போடுவது பல தலைமுறைப் பழக்கம். பிரிட்டனிலும் 9தான். நம் ஊர் அலுவலகங்களில் பெரும்பாலும் 0. வெளியூருக்குப் பேச, வெளி லைனுக்கு ஒரு பூஜ்யம், எஸ்.டி.டி.க்கு இன்னொரு பூஜ்யம் என்று சேர்த்துப் போட்டவர்கள் ஏராளம். இந்த ஒற்றை இலக்கம் மின்காந்தங்களும் பித்தளைத் தொடுமுனைகளும் தொலைபேசியை ஆண்ட காலத்தின் மிச்சம்.

கான்சாஸ் சிட்டியில் ஈமச்சடங்குத் தொழில் நடத்திவந்த ஆல்மன் ஸ்ட்ரோஜர், 1891-இல் தானியங்கி இணைப்புக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டே இண்டியானா மாநிலத்தின் லா போர்ட்டில் அந்த முறையில் எக்ஸ்சேஞ்ச் திறந்துவிட்டார்கள். பின்னாளில் பெரிய நிறுவனங்கள் தங்கள் கட்டடங்களுக்குள் வைத்துக்கொண்ட சிறு எக்ஸ்சேஞ்சுகளும் இதே தத்துவத்தில் இயங்கின.

அத்தகைய எக்ஸ்சேஞ்சின் வேலையைக் கிட்டத்தில் நின்று பார்த்தால் ஆசையாக இருக்கும். டயலில் 9-ஐச் சுழற்றிவிட்டால், அது திரும்பி வரும்போது லைனில் மின்சாரம் ஒன்பது முறை அறுந்து சேரும். ஒவ்வொரு துடிப்புக்கும் செலெக்டர் என்ற இணைப்புக் கருவியின் தண்டு ஒரு படி ஏறும். ஒன்பதாம் தட்டை அடைந்ததும் தானாகவே பக்கவாட்டில் திரும்பி, நகர எக்ஸ்சேஞ்சுக்குப் போகும் லைன்களில் எது காலி என்று துழாவிப் பிடிக்கும். காதில் புதிய டயல் டோன் கேட்கும். பத்துத் துடிப்புள்ள 0 ஆபரேட்டருக்கு. ரிசீவரின் கொக்கி லேசாக ஆடினாலே ஒரு துடிப்பு எழுந்துவிடும் என்பதால் 1-ஐத் தவிர்த்தார்கள். கீழ்த்தட்டுகள் உள் எண்களுக்குப் போயின. வெளியுலகுக்கு 9 அமைந்தது இப்படித்தான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த 9, தண்டை ஏற்றியதோடு தீர்ந்துபோனது. நகர எக்ஸ்சேஞ்சுக்கு அது போகவே இல்லை. அதை நீக்கும்படி யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

1990-களில் குரல் இணையத்தில் ஏறியது. 1996-இல் எச்.323, 1999-இல் சிப் என்று நெறிமுறைகள் வந்தன. அதே 1999-இல் அலபாமாவில் மார்க் ஸ்பென்சர் என்ற இளைஞர், தன் சின்ன நிறுவனத்துக்குத் தொலைபேசி அமைப்பு வாங்கப் பணம் போதாமல், ஆஸ்டரிஸ்க் என்ற மென்பொருளைத் தானே எழுதத் தொடங்கினார். பழைய தொலைபேசி லைன் ஒரு பக்கம், இணையம் மறுபக்கம், இரண்டுக்கும் நடுவே கேட்வே என்ற பெட்டி. இப்போது எண் துடிப்பு துடிப்பாக வருவதில்லை. 9 உட்பட முழுவதும் ஒரே செய்திக்குள் எழுத்தாக வருகிறது. எழுத்து தானாகத் தீராது. யாராவது வெட்ட வேண்டும்.

யார் வெட்டுவது? பெரும்பாலான ரூட்டிங் கோளாறுகள் இந்தக் கேள்வியில்தான் பிறக்கின்றன. ஆஸ்டரிஸ்கில், எண்ணின் முதல் இலக்கத்தை விட்டுவிட்டு மீதியை அனுப்பு என்று நிர்வாகி எழுதியாக வேண்டும். சிஸ்கோ நிறுவனத்தின் கேட்வேயிலோ, பழைய லைன் பக்கத்து விதியில் எந்த இலக்கங்களை நேரடியாக எழுதுகிறோமோ அவற்றை அது தானே வெட்டிவிடும். இருவரும் வெட்டினால் எண்ணின் தலை போய்விடும். இருவரும் விட்டால் 9-உம் எக்ஸ்சேஞ்சுக்குப் போய், காரணக் குறி 1, அதாவது ‘ஒதுக்கப்படாத எண்’, என்று திரும்பிவரும். அதை சிப் மொழியில் 404 என்று சொல்ல வேண்டும் என 2002-இல் தரநிலை வகுத்தார்கள். போன் வைத்திருப்பவர் காதில் விழுவது ‘இந்த எண் உபயோகத்தில் இல்லை’ என்ற பொய்.

ஸ்ட்ரோஜர் காலத்துப் பணியாளர் ராக் ராக்காக நடந்து, பிடித்துக்கொண்டு நிற்கும் செலெக்டர்களைத் தொடர்ந்தே அழைப்பின் வழியைக் கண்டுபிடித்துவிடுவார். இன்றைய பொறியாளர் இரு பக்க லாக் பதிவுகளையும் அருகருகே வைத்து, உள்ளே வந்த எண்ணையும் வெளியே போன எண்ணையும் இலக்கம் இலக்கமாக ஒப்பிடுகிறார். வேலை அடிப்படையில் ஒன்றேதான்.

சிஸ்கோவின் அந்த வழக்கத்தில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. அமெரிக்காவில் அவசர உதவிக்கான 911-ஐ விதியில் அப்படியே எழுதினால், மூன்று இலக்கங்களும் நேரடியாக எழுதப்பட்டவை என்பதால் மூன்றையும் வெட்டிவிடும். லைன் கிடைக்கும், போக வேண்டிய எண் போகாது. எல்லா இலக்கங்களையும் அனுப்பு என்று தனியாகக் கட்டளை இட வேண்டும். சோதித்துப் பார்க்காமல் போனவர்களுக்கு இது நெருக்கடி நேரத்தில்தான் தெரியவரும்.

எந்திரக் கோளாறே இல்லாமலும் உயிர் போனது. 2013 டிசம்பரில் டெக்சாஸின் மார்ஷல் நகரில், ஒரு விடுதி அறையில் பெண்ணொருவர் தாக்கிக் கொல்லப்பட்டார். அவருடைய ஒன்பது வயது மகள் அறைத் தொலைபேசியில் நான்கு முறை 911-ஐ அழுத்தினாள். பள்ளியில் சொல்லித்தந்ததை அப்படியே செய்தாள். அந்த விடுதியில் முதலில் 9-ஐப் போட வேண்டும் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? எந்தத் தட்டும் ஏற வேண்டிய தேவையில்லாத காலத்தில் அந்த 9 அங்கே இருந்ததற்கு வழக்கம் என்பதைத் தவிர நியாயம் கிடையாது.

குடும்பத்தின் தொடர் முயற்சியால், இறந்தவரின் பெயரைத் தாங்கிய ‘காரி சட்டம்’ 2018 பிப்ரவரி 16 அன்று கையெழுத்தானது. அலபாமாவின் ஹேலிவில்லில் முதல் 911 அழைப்பு ஒலித்து அன்றோடு சரியாக 50 ஆண்டு. 2020 பிப்ரவரி 16-க்குப் பிறகு நிறுவப்படும், பல லைன்கள் கொண்ட தொலைபேசி அமைப்புகளில் எந்த முன்னொட்டும் இல்லாமல் 911 போக வேண்டும். அழைப்பு போனது கட்டடத்தில் பொறுப்பில் இருப்பவருக்கும் தெரிய வேண்டும்.

இதனால் கேட்வே விதிகளில் இப்போது 911, 9911 இரண்டையும் தனித்தனியே எழுதுகிறார்கள். அதிலும் ஒரு சிக்கல். வெளி லைனுக்கு 9, அமெரிக்க நெடுந்தொலைவுக்கு 1, விரல் தவறி இன்னொரு 1 என்றால் அழைப்பு நேராக அவசர மையத்துக்குப் போய்விடும். இத்தகைய தவறான அழைப்புகள் மிகுந்ததால் வெளி லைனுக்கான இலக்கத்தை 8 அல்லது 7 என்று மாற்றிய நிறுவனங்கள் உண்டு. முன்னொட்டையே அடியோடு எடுத்துவிட்டவர்களும் உண்டு.