கூடங்குளமும் முப்பந்தலும்: மின்னாற்றலின் உடைமையும் இடதுசாரி அரசியலும்

1954ஆம் ஆண்டு சோவியத் ஒன்றியத்தின் ஒப்னின்ஸ்க்கில் இயங்கத் தொடங்கிய 5 மெகாவாட் நிலையமே மின்வலைக்கு மின்சாரம் வழங்கிய முதல் அணுமின் நிலையமாகும். சோசலிச முன்னேற்றத்தின் சின்னமாக அங்கு அணுவாற்றல் போற்றப்பட்டது. 1986இல் செர்னோபில் விபத்து நிகழ்ந்த பின்னரும் அந்நம்பிக்கை முற்றிலும் குலையவில்லை. 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கூடங்குளம் உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். சோவியத் ஒன்றியம் கலைந்ததால் தடைப்பட்ட திட்டத்தின் கட்டுமானம் 2002இல் தொடங்கியது.

இடைப்பட்ட காலத்தில், அதே தென்கோடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றைக் கொண்டு முப்பந்தலில் காற்றாலைகள் எழுந்தன. இவற்றுள் பெரும்பாலானவை தேய்மான வரிச்சலுகையை நாடிய தனியார் முதலீட்டில் அமைந்தவை. இவ்வாறு, பேரிடர் அச்சம் சூழ்ந்த அணுவாற்றல் அரசுடைமையாகவும், அவ்வச்சமற்ற காற்றாற்றல் தனியுடைமையாகவும் அருகருகே நின்றன.

இம்முரண் இடதுசாரிகளுக்கு எளிதில் விடை காணவியலாத வினாவாயிற்று. ஜெய்தாப்பூரில் பிரெஞ்சு அணுவுலைகளை எதிர்த்த மார்க்சிஸ்ட் கட்சி, கூடங்குளத்தில் பாதுகாப்பை வலியுறுத்தியதேயன்றிக் கட்டப்பட்ட உலைகளைக் கைவிடக் கோரவில்லை. அந்நிலைப்பாட்டிலிருந்து வேறுபட்ட அதன் மூத்த தலைவரும் கேரள முன்னாள் முதலமைச்சருமான வி.எஸ். அச்சுதானந்தன், 2012 செப்டம்பரில் போராடும் மக்களைக் காணப் புறப்பட்டுக் களியக்காவிளையில் தடுக்கப்பட்டார்.

உற்பத்திச் சாதனம் யாருடையது என்பது இடதுசாரி மரபின் அடிப்படை வினா. அதனால் விளையும் இடரைச் சுமப்பவர் யார் என்னும் வினாவை இடிந்தகரையின் மீனவப் பெண்கள் முன்வைத்தனர். இரண்டாம் வினாவின்றி முதல் வினா நிறைவுபெறாது என்பதே கூடங்குளம் வரலாறு உணர்த்துவதாகும்.