நடுவயதில் நனிசைவம்: கோப்பை வெறுமையாகாமல் மாறுவது எப்படி?

இறைச்சி, மீன், முட்டையோடு பால், தயிர், நெய், தேன் ஆகியவற்றையும் விலக்கும் உணவுமுறையே 'வீகன்'. 1944இல் இங்கிலாந்தில் டொனால்ட் வொட்சனும் நண்பர்களும் இதற்கென ஒரு சங்கத்தைத் தொடங்கியபோது உருவான சொல் அது. தமிழில் 'நனிசைவம்' என்கிறார்கள். நாங்கள் 'சைவம்' என்று சொல்லும் சாப்பாட்டில் பாலுக்கும் நெய்க்கும் இடமுண்டு. நனிசைவத்தில் அவையும் இல்லை.

நாற்பது, ஐம்பது வயதில் இந்த முறைக்கு மாறியவர்களை வன்னியிலும் குடாநாட்டிலும் அவ்வப்போது சந்திக்கிறேன். சிலருக்கு நீரிழிவும் கொழுப்பும் காரணம். சிலருக்கு விரதத்தின் தொடர்ச்சி. கிளிநொச்சியில் இருக்கும் என் சின்னம்மா 2009க்குப் பிறகு இறைச்சியைத் தொடவில்லை. ஐம்பதைத் தாண்டியபின் மீனையும் பாலையும் விட்டார். "மனம் ஏற்குதில்லை, பிள்ளை" என்பதற்கு மேல் அவர் எதுவும் சொன்னதில்லை. நானும் காரணம் கேட்பதில்லை. இன்றைக்கு என்ன சமைத்தீர்கள் என்று மட்டும் கேட்பேன்.

அந்தக் கேள்வி முக்கியமானது. மீனும் பாலும் இல்லாத சாப்பாடு எங்களுக்குப் புதிதல்ல. பொருளாதாரத் தடைக் காலத்திலும் இறுதி யுத்தத்திலும் அதைத்தான் சாப்பிட்டோம். ஒவ்வொரு மே மாதமும் காய்ச்சப்படும் முள்ளிவாய்க்கால் கஞ்சியில் அரிசியும் தண்ணீரும் உப்பும்தான். அது பட்டினி. விரும்பித் தெரிவுசெய்யும் உணவுமுறை மீண்டும் அந்த நிலைக்கு உடலைக் கொண்டுபோகக்கூடாது. ஆகவே ஒன்றை நிறுத்துவதற்கு முன்பு, அதன் இடத்தில் வைக்கப்போவது எது என்று தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

கையில் இருப்பவை

எங்கள் கறிகளைத் தடிப்பாக்குவது பசுப்பால் அல்ல, தேங்காய்ப்பால். சொதி, பால்கறி, வறை, சம்பல், பிட்டு, இடியப்பம், தோசை, உழுத்தங்களி எதற்கும் பால் தேவையில்லை. மீன் போட்டுக் காய்ச்சும் ஒடியல் கூழைப் பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளி, முருங்கையிலை, பழப்புளி போட்டுச் சைவமாகவும் காய்ச்சலாம்.

கடினமாக இருப்பது தேத்தண்ணிதான். 2022 நெருக்கடியில் பால்மாவுக்கு வரிசையில் நின்றபோது பலர் வெறுந்தேத்தண்ணிக்கும் பனங்கட்டிக்கும் பழகினார்கள். அந்தப் பழக்கம் இப்போது உதவும். நீரிழிவு உள்ளவர்கள் பனங்கட்டியும் சீனிதான் என்பதை மறக்கக்கூடாது.

மறைந்திருப்பவை

சம்பலிலும் கடைக் கறிகளிலும் மாசி இருக்கலாம். மோர்மிளகாயில் மோர் உண்டு. பிஸ்கட், பணிஸ், கேக், சொக்லேட் ஆகியவற்றில் பால்மா, பட்டர், முட்டை இருக்கக்கூடும். பொதியில் அச்சிட்டிருப்பதை வாசித்து வாங்குங்கள்.

மீன் குழம்பின் சுவையைத் தேடுபவர்களுக்கு வாழைப்பொத்தி, கத்தரிக்காய், காளான் ஆகியவை கைகொடுக்கும். வறுத்த கறித்தூளும் பழப்புளியும் வெந்தயமும் சேர்ந்தால் குழம்பின் பாதிச் சுவை வந்துவிடும். பிஞ்சுப் பலாக்காய் இறைச்சியைப் போலத் தோன்றும், ஆனால் இறைச்சியின் புரதம் அதில் இல்லை.

புரதக் கணக்கு

வளர்ந்த ஒருவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 0.8 கிராம் புரதம் தேவை. 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளுக்கு 40 கிராம். வயது கூடும்போது தசை குறைவதால் இதற்குச் சற்று மேலே வைத்திருப்பது நல்லது.

சமைக்காத நிலையில் அளந்தால், 200 கிராம் அரிசியில் 14 கிராம், 50 கிராம் பருப்பில் 12 கிராம், 50 கிராம் பயறு அல்லது கௌப்பியில் 12 கிராம், 25 கிராம் நிலக்கடலையில் 6 கிராம் என்ற அளவில் புரதம் உண்டு. மொத்தம் 44. சோறும் சொதியும் மட்டும் சாப்பிட்டால் இதில் பாதிகூட வராது. காலையில் அவித்த பயறு, மத்தியானம் பருப்புக்கறி, பின்னேரம் கடலை, இரவில் இடியப்பத்தோடு சோயாமீற் கறி என்று பிரித்துக்கொண்டால் கணக்குச் சரிவரும்.

பி12: கட்டாயம் கவனிக்க வேண்டியது

விற்றமின் பி12 பக்ரீரியாக்களால் உருவாவது. மீன், இறைச்சி, முட்டை, பால் வழியாகவே எங்களுக்குக் கிடைக்கிறது. கீரையையோ பழஞ்சோற்றையோ இதற்கு நம்பியிருக்க முடியாது. நாளுக்கு 2.4 மைக்ரோகிராம்தான் தேவை என்றாலும், அது மாத்திரையாகவோ பி12 சேர்க்கப்பட்ட உணவாகவோ வர வேண்டும். இதற்கு மாற்று வழி இல்லை.

ஈரலில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு தெரியவரச் சில வருடங்கள்கூட ஆகலாம். களைப்பு, கால் விறைப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு, மறதி ஆகியவை அறிகுறிகள். எங்கள் மக்களிடம் இது இலகுவில் தவறிப்போகும். கால் விறைத்தால் 'பழைய காயம்' என்போம், அல்லது 'சீனி வருத்தம்' என்போம். மறதி வந்தால் 'பட்ட கஷ்டம்' என்போம். அவையும் காரணமாக இருக்கலாம். ஆனால் பி12 குறைபாட்டால் ஏற்படும் நரம்புப் பாதிப்பு கவனிக்காமல் விட்டால் நிரந்தரமாகிவிடக்கூடும். நீரிழிவுக்கு மெற்போமின் எடுப்பவர்களுக்கும் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கும் பி12 உறிஞ்சப்படுவது குறையலாம். வைத்தியரிடம் கேட்டு இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

இரும்பு, கல்சியம், அயடீன்

பயறு, பருப்பு, கீரைகளில் இரும்புச்சத்து உண்டு. தேசிக்காய்ப் புளி, நெல்லி, கொய்யா ஆகியவற்றில் உள்ள விற்றமின் சி அதை உடல் உறிஞ்ச உதவும். தேத்தண்ணி அதைத் தடுக்கும். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது விடுங்கள். தானியங்களை ஊறவைப்பதும் முளைகட்டுவதும் இரும்பு கிடைப்பதைக் கூட்டும்.

மாதவிடாய் நின்றபின் பெண்களின் எலும்பு வேகமாகத் தேயும். ஐம்பதைத் தாண்டிய பெண்ணுக்கு நாளுக்கு 1200 மில்லிகிராம் கல்சியம் பரிந்துரைக்கப்படுகிறது. 100 கிராம் குரக்கன் மாவில் ஏறக்குறைய 340 மில்லிகிராம் உண்டு. முருங்கையிலையும் எள்ளும் உதவும். நெத்தலிக் கருவாட்டை முள்ளோடு சாப்பிட்டு வந்தவர்கள் அதை விடும்போது கல்சியத்தின் ஒரு பெரிய மூலத்தையே விடுகிறார்கள். கடலுணவு நின்றால் அயடீனும் குறையும். அயடீன் சேர்த்த உப்பா என்று பொதியில் பாருங்கள்.

முதலில் வைத்தியரிடம் கேட்க வேண்டியவர்கள்

இன்சுலின் அல்லது நீரிழிவு மாத்திரை எடுப்பவர்கள் உணவை மாற்றும்போது மருந்தின் அளவும் மாற வேண்டிவரலாம். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்பரின் எடுப்பவர்கள் கீரையைத் திடீரெனக் கூட்டக்கூடாது. சிறுநீரக நோயாளருக்குப் பருப்பு, கீரை, தேங்காய் அனைத்திலும் அளவு உண்டு. முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டுப் படுக்கைப்புண்ணோடு இருப்பவர்கள், ஆறாத காயம் உள்ளவர்கள், சத்திரசிகிச்சைக்குக் காத்திருப்பவர்கள் ஆகியோருக்குப் புரதம் வழமையைவிடக் கூடுதலாகத் தேவை. அவர்கள் தாமாக எதையும் நிறுத்தக்கூடாது.

படிப்படியாக

நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் மீன், இறைச்சி இல்லாமல் சமைக்கும் வீடுகள் பல. அந்த அனுபவத்திலிருந்தே தொடங்கலாம். முதலில் வாரத்தில் இரண்டு நாள் பாலையும் விடுங்கள். பருப்பு வகைகள் கூடும்போது சில வாரங்களுக்கு வயிறு ஊதலாம். ஊறவைத்த தண்ணீரை ஊற்றிவிட்டு, இஞ்சி, உள்ளி, பெருஞ்சீரகம் சேர்த்து நன்றாக அவித்தால் குறையும்.

வளரும் பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் உங்களோடு இழுக்க வேண்டாம். சின்னம்மா இன்றும் பேரப்பிள்ளைகளுக்கு மீன்குழம்பு வைக்கிறார், தனக்குப் பயற்றை வேறு சட்டியில் அவிக்கிறார். எடை தானாகக் குறைந்தால், தலை சுற்றினால், முடி அதிகமாகக் கொட்டினால் சிகிச்சை நிலையத்துக்குப் போங்கள். வைத்தியர் முட்டையையோ பாலையோ திரும்பச் சேர்க்கச் சொன்னால் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.