ஏலச் சொல்லும் உடன்பாடும்

கொச்சியில் மட்டாஞ்சேரிக்குச் சென்றுவந்த நேயர்கள் அங்குள்ள யூதர் தெருவை மறந்திருக்க மாட்டார்கள். மிளகும் சுக்கும் ஏலமும் மணக்கும் அப்பகுதியில், 1957ஆம் ஆண்டில் தோன்றிய மிளகு வாணிகச் சங்கம் ஒன்று உண்டு. கணிப்பொறி வரும் வரையில், வருகின்ற மாதங்களுக்குரிய மிளகின் விலையை வணிகர்கள் அங்கே வாய்விட்டுக் கூவியே பேரம் முடித்தனர். நம் தமிழகத்து மாட்டுச் சந்தைகளிலோ வழக்கம் வேறு. தரகர் இருவர் துண்டுக்கு அடியில் கைகோத்து, விரலைத் தொட்டே விலை பேசுவர். அருகில் நிற்பவருக்கும் அது தெரியாது. வெளிப்படக் கூறுவது ஒரு மொழி. மறைத்துக் கூறுவது மற்றொரு மொழி. இவ்விரண்டுக்கும் இடையே எல்லை வகுக்க ஒரு சீட்டாட்டம் பட்ட பாட்டையே இன்று சொல்லப் போகிறேன்.

விலை கேட்பதைக் குறிக்கும் ஏலம் என்னும் சொல் போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்தது. 1500இல் அவர்கள் கொச்சியை அடைந்தனர். 1663இல் டச்சுக்காரர் அதனைக் கைப்பற்றினர். நாம் சீட்டுக்கட்டில் சொல்லும் இஸ்பேட் முன்னவர் வழியாகவும், கிளாவரும் துருப்பும் பின்னவர் வழியாகவும் வந்தவை என்பர். கேரளத்தில் இன்றும் விரும்பி ஆடப்பெறும் இருபத்தெட்டு என்னும் ஆட்டத்திலும் நால்வர் இரு கட்சியாய் அமர்ந்து ஏலம் கேட்கின்றனர். எனினும், ஏலச் சொல்லை ஒரு தனி மொழியாகவே வளர்த்த ஆட்டம் பிரிட்ஜ் ஆகும்.

அதன் இன்றைய வடிவத்தை 1925இல் அமெரிக்கரான ஹெரால்டு வாண்டர்பில்ட் அமைத்தார். ஒவ்வொருவர் கையிலும் பதின்மூன்று சீட்டுகள். எதிரே அமர்ந்த கூட்டாளியின் சீட்டைப் பார்த்தல் கூடாது. ஏலச் சொற்களால் மட்டுமே கைவளத்தைத் தெரிவிக்கலாம். ஆசுக்கு நான்கு, ராஜாவுக்கு மூன்று, ராணிக்கு இரண்டு, ஜாக்கிக்கு ஒன்று என எண்ணுவர். ‘ஒரு நோ டிரம்ப்’ என்று ஒருவர் ஏலத்தைத் தொடங்கினால், நான்கு இனச் சீட்டுகளும் சமமாகப் பரவிய கை அவருடையது என்பது பொருள். அந்தக் கையின் மதிப்பு பெரும்பாலும் 15 முதல் 17 வரை இருக்கும்.

இதற்குக் கூட்டாளி என்ன மறுமொழி தருவது? இஸ்பேட் அல்லது ஆட்டின் இனத்தில் இருவருக்கும் சேர்த்து எட்டுச் சீட்டுகள் இருப்பின், அதனைத் துருப்பாக்குவதே பெரும்பாலும் நலம். அதை அறிய ‘இரண்டு கிளாவர்’ என்று கேட்கும் முறை உண்டாயிற்று. கிளாவர் தம்மிடம் இருப்பதாக அவர் கூறவில்லை; ‘அவ்விரு இனங்களில் நான்கு சீட்டு உள்ளதா?’ என்றே வினவுகிறார். இல்லையெனில் ‘இரண்டு டைமன்’ என்பது விடை. இதனை வகுத்தவர் ஜார்ஜ் ராப்பே; 1945இல் கட்டுரையாக வெளியிட்டவர் அவருடைய கூட்டாளி சாமுவேல் ஸ்டேமன். பெயர் நிலைத்தது ஸ்டேமனுக்கே! 1956இல் ஆசுவால்டு ஜேக்கபி வேறொரு முறையை எழுதினார். அம்முறையில் ‘இரண்டு டைமன்’ என்றால் ‘என்னிடம் ஆட்டின் ஐந்து உண்டு, நீரே ஆட்டின் கூறும்’ என்று பொருள். அவ்வாறு கூறியவரே ஆட்டத்தை நடத்துவதால், வளமான அவருடைய கை எதிரிகளின் கண்ணில் படாமல் இருக்கும்.

மொழிபெயர்ப்பே தொழிலாகிய எனக்கு இதில் வியப்பில்லை. சொல்லுக்குப் பொருள் தருவது அகராதி மட்டுமன்று. பேசுவோரின் உடன்பாடும் ஆகும். ஆனால் அவ்வுடன்பாடு இருவருக்குள் மட்டும் அடங்கிவிட்டால் அது துண்டுக்கு அடியில் பேசும் பேச்சாகிவிடாதா? ஆகவேதான் பிரிட்ஜில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. கையிலுள்ள சீட்டை மறைக்கலாம். சொல்லின் பொருளை மறைக்கலாகாது. எதிரிகள் கேட்டால் உடன்பாட்டை முழுமையாக விளக்க வேண்டும்.

1965இல் அர்ஜென்டினாவின் தலைநகரான புவெனஸ் ஐரிஸில் நடந்த உலகப் போட்டியில், பிரிட்டிஷ் வீரர்களான டெரன்ஸ் ரீஸ், போரிஸ் ஷாபிரோ இருவர் மீதும் பெரும் பழி எழுந்தது. சீட்டைப் பிடித்த விரல்களின் எண்ணிக்கையால், தம்மிடமுள்ள ஆட்டின் சீட்டுகளைக் குறிப்பித்தனர் என்பதே குற்றச்சாட்டு. உலக பிரிட்ஜ் சம்மேளனம் குற்றம் உண்டென்றது. 1966இல் முடிந்த லண்டன் விசாரணையோ ஐயத்துக்கிடமின்றி மெய்ப்பிக்கப்படவில்லை என்றது. அவ்வழக்கின் உண்மை பற்றி இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. 1975இல் உலகப் போட்டியில் மேசைக்குக் குறுக்கே திரை வந்தது. கூட்டாளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் காண இயலாது. எஞ்சியது ஏலச் சொல் ஒன்றே.

வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கும் இதில் ஒரு படிப்பினை உண்டு. அயலார் நடுவே நாம் நமக்குள் தமிழில் பேசிக்கொள்வது இயல்பே. ஆயினும் அவர்களுடன் பேரம் பேசும் வேளையில், பொருளை வினவினால் தயங்காமல் விளக்கும் நேர்மை வேண்டும். யூதரும் குஜராத்தியரும் கொங்கணியரும் தமிழரும் மட்டாஞ்சேரியில் அருகருகே வாழ்ந்து வாணிகம் செய்தது, சொன்ன சொல்லுக்கு எல்லாரும் ஒரே பொருள் கொண்டதனால் அன்றோ?