பதினான்கு நாள் விருந்தாளிகள்

1

'கேம்ப்' என்ற சொல் நம்மிடையே வேலை செய்கிற விதத்தை முதலில் பார்த்துவிடலாம். தாலுகா ஆபீசுக்குப் போய் அதிகாரி எங்கே என்று கேட்டால், 'சார் கேம்ப் போயிருக்கார்' என்பார்கள். அவருக்குத் தலைமையிடம் என்று ஒன்று உண்டு, வீடு உண்டு, வெளியே தங்கும் நாட்களுக்குப் படி உண்டு. 1983க்குப் பிறகு கடல் கடந்து வந்த ஈழத்தமிழர்களுக்கு நாம் கொடுத்ததும் முகாம்தான். அங்கே பிறந்த பிள்ளைகளுக்கே பிள்ளைகள் பிறந்தாகிவிட்டது, ஆனாலும் அவர்கள் இருப்பது முகாமில்தான். ஆக, ஒருவரிடத்தில் இந்தச் சொல் வீட்டிலிருந்து கிளம்பிப் போவதைக் குறிக்கிறது. இன்னொருவரிடத்தில் வீடே இல்லாமல் போனதைக் குறிக்கிறது. இந்த இரண்டு அர்த்தங்களும் ஒரே நிலத்தில், ஒரே சட்டத்தின் கீழ் மோதிக்கொண்ட ஒரு வரலாறு அமெரிக்காவின் தேசியக் காடுகளில் இருக்கிறது.

அங்கே தேசியக் காடுகள் என்று அரசு வைத்திருப்பது ஏறத்தாழ 19.3 கோடி ஏக்கர். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பைப்போல ஆறு மடங்கு. இதில் பெரும்பகுதியில் யார் வேண்டுமானாலும் போய்க் கூடாரம் அடித்துத் தங்கலாம். கட்டணம் கிடையாது, முன்பதிவு கிடையாது. கூடவே தண்ணீர்க் குழாயும் கக்கூசும் குப்பைத்தொட்டியும் கிடையாது. நீர்நிலையிலிருந்து 200 அடி தள்ளி இருக்க வேண்டும், மலத்தை ஆறு அங்குலமாவது தோண்டிப் புதைக்க வேண்டும், கொண்டுபோனதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். இதற்கு 'டிஸ்பர்ஸ்டு கேம்பிங்' என்று பெயர். கலைந்து தங்குதல். 'டிஸ்பர்ஸ்' என்பது போலீஸ்காரர் கூட்டத்தைப் பார்த்துச் சொல்கிற சொல்லும்கூட என்பதை மனதில் வைத்துக்கொள்வோம்.

இதற்கெல்லாம் மேலாக ஒரு விதி: பெரும்பாலான காடுகளில் 14 நாள்தான் தங்கலாம். பிறகு கிளம்பிவிட வேண்டும். இதில் என்ன தப்பு என்று தோன்றும். பார்த்தால் நியாயமான விதிதான். இந்த நியாயம் எப்படிப்பட்ட மனிதனை மனதில் வைத்து எழுதப்பட்டது என்பதுதான் கேள்வி.

2

1891இல் ஒரு சட்டம், பொதுநிலத்திலிருந்து காடுகளை 'ரிசர்வ்' செய்யும் அதிகாரத்தை அமெரிக்க ஜனாதிபதிக்குக் கொடுத்தது. 1897இல் வந்த சட்டம், அப்படி ஒதுக்கிய காடு எதற்கு என்று சொன்னது: தண்ணீருக்கும் மரத்துக்கும். 1905இல் இந்தக் காடுகள் விவசாயத் துறையின் கீழ் போயின. வனச்சேவை என்கிற இலாகா பிறந்தது. அதன் முதல் தலைவர் கிஃபோர்ட் பின்ஷோ. இவர் இளைஞராக ஐரோப்பாவுக்கு வனவியல் படிக்கப் போனபோது வழிகாட்டியாக இருந்தவர் டீட்ரிஷ் பிராண்டிஸ் என்கிற ஜெர்மானியர். யார் இந்த பிராண்டிஸ்? 1864இல் பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைவராக உட்கார்ந்தவர். 1882 மதராஸ் வனச் சட்டத்துக்குப் பிறகு நம்மூர் மலையடிவாரங்களில் புழங்கத் தொடங்கிய 'ரிசர்வ் ஃபாரஸ்ட்'டும் அவர்களுடைய 'ரிசர்வ்'வும் வேறு வேறு நாட்டுச் சட்டங்கள். ஆனால் ஒரே பள்ளிக்கூடத்துப் பாடம். காடு என்பது அரசின் சொத்து, அதில் இருப்பவன் அனுமதி பெற்று இருப்பவன் என்பதுதான் அந்தப் பாடம்.

ரிசர்வ் செய்வதற்கு நிலம் காலியாக இருக்க வேண்டும். அல்லது காலி என்று சொல்லப்பட வேண்டும். இந்தக் 'காலி' என்ற சொல்லின் சட்ட வரலாறு விசித்திரமானது. 1868இல் ஷோஷோன், பானக் மக்களோடு அமெரிக்க அரசு ஒரு ஒப்பந்தம் செய்தது: யாரும் குடியேறாத அரசு நிலங்களில் அவர்கள் வேட்டையாடலாம். 1895இல் ரேஸ் ஹார்ஸ் என்ற பானக் மனிதர் வயோமிங்கில் ஏழு எல்க் மான்களைக் கொன்றார் என்று கைதானார். 1896இல் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: வயோமிங் மாநிலம் ஆனதுமே அந்த உரிமை போய்விட்டது.

அதே 1868இல் குரோ மக்களோடும் இப்படியொரு ஒப்பந்தம் உண்டு. 2014இல் கிளேவின் ஹெரேரா என்கிற குரோ மனிதர் பிக்ஹார்ன் தேசியக் காட்டில் எல்க் வேட்டையாடி வழக்கில் மாட்டினார். அப்போது வயோமிங் அரசு வைத்த வாதங்களில் ஒன்றைக் கவனியுங்கள்: 1897இல் தேசியக் காடு என்று அறிவித்தபோதே அந்த நிலம் 'குடியேறப்பட்ட' நிலம் ஆகிவிட்டது, ஆகவே உரிமை செல்லாது! கூடாரம் அடிக்க வருகிறவனுக்கு அது மனிதவாடையே இல்லாத கன்னிக்காடு. குரோ மனிதனுக்கு மட்டும் அது ஆள் இருக்கிற வீடு. 2019இல் உச்சநீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் இதை ஏற்க மறுத்தது; ரேஸ் ஹார்ஸ் தீர்ப்பையும் ஒதுக்கித் தள்ளியது. ஒரு சொல்லின் அர்த்தம் திருந்த 123 வருஷம் ஆயிற்று.

3

தொடக்கத்தில் காட்டில் தங்குவது எல்லாமே 'கலைந்து தங்குதல்'தான். மேய்ச்சல்காரர்கள், சுரங்கக்காரர்கள், வேட்டைக்காரர்கள் எல்லோரும் கண்ட இடத்தில் தங்கினார்கள். அதற்குத் தனிப்பெயர் தேவைப்படவில்லை. மோட்டார் கார் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. 1916இல் ஓரிகானில் ஈகிள் கிரீக் என்ற இடத்தில் வனச்சேவை மேஜை, கழிப்பறையோடு முகாம்மைதானம் அமைத்தது. பின்னர் மைனெக்கி என்கிற தாவரநோய் அறிஞர் ஒன்றைக் கண்டார்: மக்கள் ஆசைப்பட்டு வருகிற அந்த மரங்களே மக்கள் வருவதால் சாகின்றன. சக்கரமும் செருப்பும் மண்ணை இறுக்கிவிடுகின்றன, வேருக்கு மூச்சுமுட்டுகிறது. 1930களின் தொடக்கத்தில் அவர் சொன்ன தீர்வு: ஒருவழிப் பாதை, ஒவ்வொரு காருக்கும் ஒரு முட்டு, நகர்த்த முடியாத மேஜை, நகர்த்த முடியாத அடுப்பு. பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் வேலையில்லாத இளைஞர்களைக் கொண்டு 1933 முதல் 1942 வரை இயங்கிய அரசுப் படை இந்த வரைபடத்தை நாடெங்கும் மண்ணில் இறக்கியது. ஃபூக்கோவைப் படித்தவர்களுக்கு இது பழகிய வரைபடம். அதிகாரம் யாரையும் தடுக்கவில்லை. ஒவ்வொருவரையும் அவரவர் கட்டத்தில் உட்காரவைத்தது.

கட்டத்துக்குள் வராத மிச்சத்துக்குத்தான் பிறகு 'டிஸ்பர்ஸ்டு' என்று பெயர் வந்தது. இன்னொரு அடைமொழியும் சேர்ந்தது: 'பிரிமிட்டிவ்'. 1929இலேயே வனச்சேவை 'பிரிமிட்டிவ் பகுதி' என்று ஒரு நிலவகையை உண்டாக்கியிருந்தது. அதற்கு முன்னோடி, ஆல்டோ லியோபோல்டின் முயற்சியால் 1924 ஜூன் 3 அன்று நியூ மெக்சிகோவில் ஒதுக்கப்பட்ட கீலா வனாந்தரம். கீலா அபாச்சிகளின் பூமி. 1886இல் ஜெரோனிமோ சரணடைந்ததும் சிரிகாவா அபாச்சிகளைப் பெண்டு பிள்ளைகளோடு ரயிலேற்றி ஃபுளோரிடாவுக்கு அனுப்பினார்கள்; 27 வருஷம் போர்க்கைதிகளாக வைத்திருந்தார்கள். கீலா அறிவிப்புக்கு ஒரு நாள் முன்பு, 1924 ஜூன் 2 அன்றுதான் பூர்வகுடிகள் அத்தனை பேருக்கும் அமெரிக்கக் குடியுரிமை தரும் சட்டம் கையெழுத்தானது. ஒரு நாள் அவர்கள் குடிமக்கள் ஆனார்கள். மறுநாள் அவர்கள் இருந்த நிலம், யாரும் இல்லாத நிலமாகப் பாதுகாக்கப்பட்டது. இரண்டுக்கும் நிர்வாக ரீதியில் எந்தத் தொடர்பும் இல்லை. தொடர்பே இல்லாமல் இரண்டும் நடக்க முடிந்தது என்பதுதான் விஷயம்.

'பிரிமிட்டிவ்' என்று யாரைச் சொன்னார்களோ அவர்களை வெளியேற்றிவிட்டு, அந்தச் சொல்லை மட்டும் விடுமுறைக்கு வருகிறவனின் கூடாரத்துக்கு ஒட்டவைத்துக்கொண்டார்கள். 1964 வனாந்தரச் சட்டம் இதற்கு ஒரு தத்துவமே தந்தது: அந்தச் சட்டத்தின்படி வனாந்தரம் என்பது மனிதன் வருகையாளனாக மட்டும் வந்து, தங்கிவிடாமல் போகிற இடம். மனிதன் என்றால் விருந்தாளி. விருந்தாளி என்றால் வேறெங்கோ வீடு இருப்பவன்.

4

இந்த விருந்தாளிச் சொல்லாடலை உடைத்த இரண்டு முகாம்கள் உண்டு.

முதலாவது 1966 அக்டோபர். நியூ மெக்சிகோவின் கார்சன் தேசியக் காட்டில் எக்கோ ஆம்ஃபிதியேட்டர் என்ற முகாம்மைதானம். மெக்சிகோவோடு நடந்த போரின் முடிவில், 1848இல் குவாதலூப் ஹிடால்கோ ஒப்பந்தம் இந்தப் பிரதேசத்தை அமெரிக்காவுக்குக் கொடுத்தது. இருக்கிறவர்களின் சொத்துரிமை காக்கப்படும் என்று வாக்குறுதியும் தந்தது. ஸ்பானிய ஆட்சிக்காலத்தில் கிராமத்தாருக்குப் பொதுநிலமாகக் கிடைத்த மானியங்கள் அங்கே நிறைய. சான் ஹோக்கின் மானியத்துக்காகக் கேட்கப்பட்டது ஏறத்தாழ 4,70,000 ஏக்கர். அமெரிக்க நீதிமன்றம் ஒத்துக்கொண்டது 1,422 ஏக்கர். மேய்ச்சலும் விறகும் இருந்த பொதுநிலம் அரசு நிலமாகி, பின் தேசியக் காடாயிற்று. ரெய்ஸ் லோபஸ் திஹெரினாவின் தலைமையில் அலியான்சா இயக்கத்தார் அந்த முகாம்மைதானத்துக்குள் நுழைந்தார்கள். கூடாரத்தோடு வந்தவர்கள்தான், ஆனால் சுற்றுலாக்காரர்களாக வரவில்லை. இது எங்கள் ஊர், இங்கே எங்கள் குடியரசு என்று அறிவித்தார்கள். தடுக்க வந்த வனக்காவலர்கள் இருவரைப் பிடித்துவைத்து, அத்துமீறி நுழைந்ததாக அவர்கள்மேல் ஒரு விசாரணையும் நடத்தி, தண்டனையை நிறுத்திவைத்து அனுப்பினார்கள். நாடகம்தான். ஆனால் யார் வீட்டுக்காரன், யார் விருந்தாளி என்று காட்டிய நாடகம். திஹெரினா சிறைக்குப் போனார்.

இரண்டாவது 1981 ஏப்ரல், தெற்கு டகோட்டாவின் பிளாக் ஹில்ஸ். லக்கோட்டா மக்களின் புனித மலைகள். 1868 ஒப்பந்தம் அவற்றை அவர்களுக்கு உறுதிசெய்தது. தங்கம் கண்டதும் 1877இல் சட்டம் போட்டுப் பிடுங்கினார்கள். 1980இல் உச்சநீதிமன்றம் அதற்கு இழப்பீடு உண்டு என்றது. வட்டியோடு சேர்த்துப் பத்துக் கோடி டாலருக்கு மேல். லக்கோட்டா மக்கள் தொடவில்லை. மலை விற்பனைக்கு இல்லை என்றார்கள். அந்தப் பணம் இப்போது நூறு கோடி டாலரைத் தாண்டிக் கிடக்கிறது. வாங்காதது வாங்காததுதான்.

அந்தத் தீர்ப்புக்கு மறுவருஷம் அமெரிக்க இந்திய இயக்கத்தினர் தேசியக் காட்டுக்குள் ஒரு முகாம் போட்டார்கள். 1972இல் நெப்ராஸ்காவில் வெள்ளையர் தாக்கி இறந்துபோன ரேமண்ட் யெல்லோ தண்டரின் பெயரை அதற்கு வைத்தார்கள். 800 ஏக்கரில் சமயமும் பண்பாடும் சார்ந்த ஒரு நிரந்தர ஊர் அமைக்க முறைப்படி அனுமதி கேட்டார்கள். வனச்சேவை மறுத்தது. 1985இல் மாவட்ட நீதிமன்றம் முகாமின் பக்கம் நின்றது. 1988இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டது. அதே மலையில் அதற்கு முன்பும் பின்பும் லட்சக்கணக்கான கூடாரங்கள் வந்து போயிருக்கும். போய்விட்டன என்பதால் அவற்றால் யாருக்கும் தொந்தரவில்லை. போகமாட்டேன் என்று சொன்ன கூடாரம்தான் அரசியல் ஆனது.

5

இந்த விதிக்கு ஆதரவான வாதத்தையும் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் நேர்மையாக இருக்காது. 14 நாள் வரம்பு இல்லாவிட்டால் என்ன ஆகும்? வசதியுள்ளவன் தன் சொகுசு வண்டியை ஏரிக்கரையில் கொண்டுபோய் நிறுத்திக் கோடை முழுக்க நகரமாட்டான். பொதுநிலத்தைத் தனிநிலமாக்குவதைத் தடுக்கிற விதி அது. மண் இறுகுவதும் தீப்பிடிப்பதும் குப்பை சேர்வதும் உண்மை. காட்டின் பக்கம் நின்று பார்த்தால் வரம்பு வேண்டும்தான்.

ஆனால் மூன்றாவதாக ஒருவர் வருகிறார். அவருக்கு ஒப்பந்தமும் மானியமும் இல்லை, இழந்துபோன மலையும் இல்லை. வாடகை கட்ட முடியாதவர், அவ்வளவுதான். 2024 ஜூனில், ஓரிகானின் கிராண்ட்ஸ் பாஸ் நகர வழக்கில் உச்சநீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று தீர்ப்பளித்தது: வீடில்லாதவர் பொது இடத்தில் படுத்துறங்குவதை நகரங்கள் தண்டிக்கலாம், அது கொடூரமான தண்டனை ஆகாது. நகரத்தில் படுக்கக் கூடாது என்றால் எங்கே போவார்? நகரத்தை ஒட்டிய காட்டுக்கு. அதே ஓரிகானில் பெண்ட் நகரத்துக்குத் தெற்கே டெஷூட்ஸ் தேசியக் காட்டில் வண்டிகளிலும் கூடாரங்களிலும் நூற்றுக்கு மேற்பட்டோர் வசித்துவந்தார்கள். சிலர் வருஷக்கணக்காக. 2025 மே 1 அன்று, காட்டுத்தீ அபாயத்தைக் குறைக்க மரங்களைக் கழிக்கும் வேலை என்று சொல்லி வனச்சேவை அந்தப் பகுதியை மூடியது. வெளியேறுங்கள் என்றது. தீ அபாயம் பொய்யில்லை. எங்கே போக என்ற கேள்வியும் பொய்யில்லை.

வனச்சேவையின் விதிப்புத்தகத்தில் முகாமிடுதல் என்றால் தற்காலிகமாக இரவு தங்குவது. அனுமதியின்றிக் 'குடியிருப்பு நோக்கில்' நிலத்தைப் பயன்படுத்துவது குற்றம். இப்போது ஒன்றை யோசித்துப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கூடாரங்கள். ஒரே துணி, ஒரே அடுப்பு, ஒரே இருட்டு. ஒன்றில் படுத்திருப்பவர் ஊரில் வீட்டைப் பூட்டிவிட்டு வந்தவர். மற்றவருக்குப் பூட்ட வீடில்லை. முதல்வர் செய்வது 'பிரிமிட்டிவ் கேம்பிங்'. இரண்டாமவர் செய்வது ஆக்கிரமிப்பு. வித்தியாசம் காட்டில் இல்லை. நூறு மைலுக்கு அப்பால் இருக்கிற, அல்லது இல்லாத, ஒரு வீட்டில் இருக்கிறது. ஆகவே இந்தச் சுதந்திரத்துக்குக் கட்டணம் இல்லை என்பது முழு உண்மையல்ல. திரும்பிப்போக ஒரு வீடு வைத்திருப்பதுதான் கட்டணம்.

பிராண்டிஸின் பள்ளிக்கூடம் நமக்கும் பாடம் எடுத்தது என்பதால் நம் பக்கத்துக் கணக்கையும் ஒருவரியில் சொல்லி நிறுத்துகிறேன். 2006 வன உரிமைச் சட்டம் இங்கே எதிர்த்திசையில் கேட்கிறது: பழங்குடியினர் என்றால் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து இருந்ததைக் காட்டு, மற்றவர் என்றால் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம் இருந்ததைக் காட்டு. அங்கே பதினைந்தாவது நாள் இருந்தால் குற்றம். இங்கே 75 வருஷம் இருந்ததற்குக் காகிதம் வேண்டும். காகிதத்தை யார் வைத்திருக்கிறார்கள்? காட்டை ரிசர்வ் செய்த அதே இலாகா.