மூச்சை எண்ணுவோம்!

சவ்வாது மலையிலே காவலூர் என்றோர் ஊர் உண்டு. 2.34 மீட்டர் ஆடி பொருத்திய தொலைநோக்கி 1986இல் அங்கே நிறுவப்பட்டது. விண்மீனின் ஒளியை அளக்கிறது அந்தக் கருவி. அதே மலையில், தாயின் மடியில், ஒரு பச்சிளங்குழவியின் நெஞ்சு விம்மி விம்மித் தாழ்கிறதே, அதை அளக்க என்ன கருவி வேண்டும்? ஒரு கடிகாரம் போதும் என்கிறது மருத்துவ வரலாறு!

குழந்தைக்கு மூச்சு முட்டினால் நம் முன்னோர் என் செய்தனர்? தோஷம் என்றனர், மந்திரித்தனர், தாயத்துக் கட்டினர். பிழைத்தால் தெய்வத்தின் கருணை. மாண்டால் தாயின் தலைவிதி! மத்தியப் பிரதேசத்து ஷாடோல் மாவட்டத்தில், நிமோனியா கண்ட சிசுக்களுக்குக் காய்ச்சிய இரும்பால் சூடிட்ட கொடுமை 2023இலும் செய்தியாயிற்று.

பாரிஸ் நகரத்து மருத்துவர் லேனெக், 1816இல் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். ஸ்டெதாஸ்கோப் பிறந்தது, நுரையீரல் பேசத் தொடங்கியது. ஆயினும் அதைக் கேட்டறிய மருத்துவர் வேண்டும். மருத்துவர் எட்டாத மலைகளில்?

விடை மற்றொரு மலைநாட்டிலிருந்து வந்தது. பாப்புவா நியூகினியின் கொரோக்காவில், ஃபிராங்க் ஷான் என்ற குழந்தை மருத்துவரும் அவர்தம் குழுவினரும் இருமும் குழந்தைகளை ஆராய்ந்து, 1984இல் முடிவை வெளியிட்டனர். வேகமான மூச்சு நிமோனியாவின் அறிகுறி. மார்பின் அடிப்பகுதி உள்வாங்குவது நோய் முற்றியதன் அறிகுறி. உலக நலவாழ்வு நிறுவனம் பின்னர் கணக்கு வகுத்தது. குழந்தை அமைதியாயிருக்கையில் ஒரு முழு நிமிடம் எண்ணுக. இரண்டு மாதத்திற்குட்பட்ட சிசுவுக்கு 60, ஓராண்டு வரை 50, ஐந்தாண்டு வரை 40. இவற்றை எட்டினாலோ தாண்டினாலோ ஆபத்து. இரண்டு மாதம் கடந்த குழந்தைக்குப் பெரும்பாலும் அமாக்சிசிலின் மருந்தே போதும். பாலுண்ண மறுத்தாலோ, வலிப்புக் கண்டாலோ, உடனே மருத்துவமனை. இரண்டு மாதத்திற்குட்பட்ட சிசுவாயின், காத்திருத்தலே கூடாது.

எழுத்தறிவு குறைந்தோரால் இது இயலுமா எனக் கேட்டனர் மேதாவிகள். மராட்டியத்துக் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் இணையர் செயலால் விடையளித்தனர். கிராமப் பணியாளரும் மருத்துவச்சியரும் நோயறிந்து மருந்தளிக்கப் பழகினர். 1990இல் வெளிவந்த முடிவு யாது? பிற ஊர்களில் ஆயிரம் குழந்தைகளில் 17.5 பேரை நிமோனியா கொன்றது. அவர்கள் பணிசெய்த ஊர்களில் 8.1 பேரை. பட்டம் பெறாத கைகள் காத்த உயிர்கள் அவை!

தடுப்பும் வந்துவிட்டது. ஹிப் கிருமியைத் தடுக்கும் ஐந்தின கூட்டுத் தடுப்பூசியை 2011இல் இந்தியாவில் முதலில் ஏற்றவை தமிழ்நாடும் கேரளமுமே. நியூமோகாக்கல் தடுப்பூசி 2021இல் தமிழகக் குழந்தைகளுக்கு இலவசமாயிற்று.

ஆகவே, மலைவாழ் தாயை 'அறியாதவள்' என ஏசுவது நமக்கு அழகாகாது. விறகுப் புகையில் வேகும் அவளிடம் அறிவைக் கொண்டு சேர்க்காதவர் யார்? சாலையும் மருந்தும் தராதவர் யார்? தோஷத்தைச் சாடுவது பாதிப் பணியே. தோழர்களே, மலையேறும்போது மேடைப் பேச்சோடு ஒரு கடிகாரத்தையும் கொண்டு செல்வோம். மூச்சை எண்ணக் கற்ற தாய், மந்திரவாதியின் வாசலை நாடமாட்டாள்!