விஷம் புகுந்த வழி

சித்தூர் வட்டத்தின் கிழக்கோரத்தில், மூலத்தறை அணையின் நீரை நம்பி வயலும் தோப்புமாய்க் கிடக்கும் பெருமாட்டியில், கேரளத்துப் பஞ்சாயத்தாயினும் தமிழ்ப் பேச்சு தாராளமாய்க் கேட்கும் அந்தச் சீமையில், பூச்சிக்கொல்லிக்கு உழவர் வழங்கும் பெயர் ‘மருந்து’. அம்மருந்து ஒரு ஜீவனைக் கொல்லுமா, விட்டுவிடுமா என்பதை அதன் கொடுமை மட்டுமன்றி, அது உடலுள் பிரவேசிக்கும் மார்க்கமும் நிர்ணயிக்கிறது என்பதை உலகம் மெதுவாகவே கற்றது.

பாலக்காட்டுக் காவசேரியில் பிறந்த கே.கே. நீலகண்டன், ‘இந்துசூடன்’ என்ற புனைபெயரில் கேரளப் பறவைகளைப் பற்றிய தம் பெருநூலை வெளியிட்ட 1958-ஆம் ஆண்டிலேதான், பாரத்தியான் என்னும் பூச்சிக்கொல்லி கலந்த கோதுமை மாவை உண்டு கேரளத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1968-இன் பூச்சிக்கொல்லிச் சட்டம் அந்தத் துயரத்தின் சந்ததி. மனிதர் மாண்டதால் பிறந்த சட்டம் அது.

பின்னர் வந்தது குருணை மருந்து. தெளிக்கும் மருந்து காற்றிலே பறந்து தெளிப்பவன் மேலேயே படியும். கார்போஃபியூரான் என்னும் ஊதாக் குருணையோ வாழைக்குழியில் தூவப்பட்டு மண்ணோடு கலந்துவிடும். தோல் வழியாக எளிதில் உட்புகாது. கைக்குச் சாதுவாய்த் தோன்றிய இந்த ஏற்பாடு, பறவையின் வாய்க்கு யமனாயிற்று. பல்லில்லாத பறவை, தானியத்தை வயிற்றிலே அரைப்பதற்காகச் சிறு கற்களைத் தேடி விழுங்குவது சுபாவம். வரப்போரம் சிதறிய குருணைக்கும் பருக்கைக் கல்லுக்கும் அதற்குப் பேதம் தெரியாது. சிறு பறவைக்கு ஒரே குருணை போதும். செத்ததைத் தின்ற பருந்துக்கும் அதே கதிதான்.

வாய் ஒன்றே வாயிலன்று. அமெரிக்காவில் ஃபென்தியான் என்னும் பூச்சிக்கொல்லி ஊறிய கொம்புகளை நட்டு, அமரும் சிட்டுகளின் பாதத் தோல் வழியாகவே அவற்றைக் கொன்றார்கள். எனக்கு இதைவிடக் கொடிய சாமர்த்தியம் தெரியாது. நம் நாட்டிலோ, மாட்டுக்கு ஊசியில் ஏற்றிய டைக்ளோஃபினாக் என்னும் வலிநிவாரணி, அதன் பிணத்தின் வழியே கழுகின் சிறுநீரகத்தை அழித்தது. 2006-இல் கால்நடைக்கு அது தடைசெய்யப்பட்டது.

கார்போஃபியூரானைக் கேரள அரசு 2011-இல் தடைசெய்துவிட்டது. 2023-இல் வந்த மத்திய அரசின் ஆணையோ அதன் பிற வடிவங்களை நிறுத்தி, 3 சதவீதக் குருணையை மட்டும் விட்டுவைத்தது. பெருமாட்டியின் கிழக்கெல்லையைத் தாண்டினால் தமிழ்நாடு. மயிலுக்கு அந்த எல்லை தெரியாது.