குப்பத்துக்கு வந்த கேமரா

சித்தூர் மாவட்டம் என்றதும் நம்மில் பலருக்குத் திருப்பதி லட்டுதான் ஞாபகம் வரும். (2022-ல் திருப்பதி தனி மாவட்டமாகிவிட்டது, அது வேறு கதை.) இன்று எழுத நினைத்தது சித்தூரின் மறுகோடியில் இருக்கும் குப்பம் பற்றி. ஆந்திரா, தமிழ்நாடு, கர்நாடகா மூன்றும் சந்திக்கிற இடம். கடைத்தெருவில் நம் தமிழும் தாராளமாகக் காதில் விழும். 1989-லிருந்து சந்திரபாபு நாயுடுவின் தொகுதி.

அவர் முதல்வராக இருந்தபோது, 2002-ல், எச்.பி. கம்பெனி ஆந்திர அரசோடு சேர்ந்து இங்கே 'ஐ-கம்யூனிட்டி' என்ற மூன்றாண்டுத் திட்டத்தைத் தொடங்கியது. கிராமங்களில் கணினி மையங்கள், கணினிகள் ஏற்றிய ஒரு வேன் என்று நிறைய வந்தன. அதில் எனக்குப் பிடித்தது புகைப்படத் தொழில்தான். மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் சிலர் கையில் டிஜிட்டல் கேமரா, சின்ன பிரிண்டர், அதை ஓட்ட சோலார் மின்சாரம்.

படம் எடுக்க டவுனுக்குப் போனால் பஸ் காசும் போச்சு, ஒரு நாள் கூலியும் போச்சு. இந்தப் பெண்கள் ஊருக்குள்ளேயே படம் எடுத்து அங்கேயே அச்சடித்துக் கொடுத்தார்கள். கூலி வேலைக்குப் போனவர்கள் தொழில்முனைவோர் ஆனார்கள். சாதாரண விஷயமா இது!

ஆனால் பி.காம். படித்து, கடன் மனுக்களைப் பார்த்தே காலம் தள்ளும் என் புத்தி வேறு கணக்கும் போடுகிறது. மையும் பேப்பரும் தீரத் தீர வாங்க வேண்டும். பிரிண்டர் மக்கர் செய்தால் யார் பார்ப்பது? கம்பெனி கிளம்பிய பிறகு?

2004 தேர்தலில் ஆட்சி மாறியது. மூன்று வருடக் கெடுவும் முடிந்தது. அடுத்த சில வருடங்களில் கேமரா வைத்த செல்போன் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது.

இப்போது யுபிஐ-யைப் பாருங்கள். 2016-ல் வந்தது. பெட்டிக்கடைக்காரர் மெஷின் எதுவும் வாங்க வேண்டாம், அச்சடித்த க்யூஆர் அட்டை ஒன்று போதும். 2020 ஜனவரியிலிருந்து வங்கி பிடிக்கும் வியாபாரிக் கட்டணமும் இல்லை. முதலும் பராமரிப்பும் சின்னவர் தலையில் விழாததால்தான் அது கடைக்குக் கடை பரவியது என்பது என் கருத்து.

நம்மில் பலர் ஊரில் தம்பிக்கோ மச்சானுக்கோ கடை வைக்கப் பணம் அனுப்புகிறோம். கம்ப்யூட்டர், பில்லிங் மெஷின் எல்லாம் சேர்த்தே கேட்பார்கள். கொடுங்கள், தப்பில்லை. அதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: மாதாமாதம் இதற்கு என்ன செலவு? ரிப்பேருக்குப் பக்கத்தில் ஆள் உண்டா? ஐந்து வருடம் கழித்தும் இதற்கு வாடிக்கையாளர் வருவாரா? மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால், மெஷினுக்கான பணத்தைச் சரக்கில் போடச் சொல்லுங்கள்.